நான்காக மடித்த சோதனைத் தாள்

எங்கள் வீட்டில் யாரைக் கூப்பிட்டாலும் அண்ணி நான்கு முறை கூப்பிடுவார். முதல் முறையே பதில் வந்துவிட்டாலும் மீதி மூன்றையும் கூப்பிட்டு முடித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார். நான்கில் எத்தனைக்குப் பதில் வந்தது, எவ்வளவு நேரத்தில் வந்தது என்று மனத்துக்குள் குறித்துக்கொள்வார். அம்மா நான்குக்கு நான்கு. நான் நான்குக்கு மூன்று. அண்ணன் நான்குக்கு ஒன்று. அதுவும் தாமதமாக, "ம்" என்று.

இது தொழில் பழக்கம். அண்ணி ஒரு மருத்துவமனையில் நெட்வொர்க் பார்க்கிறார். ஐந்து மாடி, நூற்றுச் சொச்சம் கணினிகள், முப்பத்தொரு பிரிண்டர்கள். ஒன்று இன்னொன்றோடு பேச முடிகிறதா என்று தெரிந்துகொள்ளத் தன் மடிக்கணினியிலிருந்து "இருக்கியா?" என்று ஒரு கூப்பாடு அனுப்புவார். அந்தப் பக்கத்துக் கருவி "இருக்கேன்" என்று திருப்பி அனுப்பும். இதற்குப் பிங் என்று பெயர். வழக்கமாக நான்கு போகும், நான்கு வர வேண்டும். மூன்று வந்தால் வழியில் ஏதோ கோளாறு. ஒன்றுமே வராவிட்டால் அண்ணி முதலில் கேபிள் செருகியிருக்கிறதா என்று பார்ப்பார். பத்துக்கு ஏழு தடவை செருகியிருக்காது.

"செருகவே இல்லைன்னு அவங்ககிட்ட எப்படிச் சொல்வீங்க?" என்று ஒரு முறை கேட்டேன்.

"சொல்ல மாட்டேன். கொஞ்சம் லூசா இருந்துச்சுன்னு சொல்வேன்."

அம்மாவுக்கு இந்த வேலை கடைசி வரை பிடிபடவில்லை. மருமகள் என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால் "ஆஸ்பத்திரியில இருக்கா" என்று நிறுத்திக்கொள்வார். மீதியைக் கேட்டவர்களே நிரப்பிக்கொள்வார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நாள் மூட்டு வலியோடு வந்து உட்கார்ந்தார். அண்ணி அவருடைய கைப்பேசியைச் சரிசெய்து கொடுத்து அனுப்பினார். அவர் திருப்தியாகத்தான் போனார்.

அண்ணியின் அறை தரைத்தளத்தில் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. கதவருகே மட்டும் நிமிர்ந்து நிற்கலாம். உள்ளே போகப் போகக் குனிய வேண்டும். நான்கு வருடத்தில் அவர் எந்த இடத்தில் எவ்வளவு குனிய வேண்டும் என்பதைக் கழுத்திலேயே பழக்கிவைத்திருந்தார். சுவரில் அவரே எழுதி ஒட்டிய பத்து விதிகள். முதல் விதி, கேபிளைப் பார். ஏழாவது விதி, கழித்துக்கட்டும் முன் முகவரியை அழி.

முகவரி என்பது ஓர் எண். வீட்டுக்குக் கதவு எண் மாதிரி. பிரிண்டர்களுக்கு மட்டும் அண்ணி தன் கையாலேயே எண் கொடுப்பார். கொடுத்ததை ஒரு நீள நோட்டில் பென்சிலால் எழுதிவைப்பார். பேனாவால் எழுதினால் கருவி சீக்கிரம் கெட்டுப்போகும் என்பது அவர் நம்பிக்கை. ஒரு பிரிண்டரைக் கழித்துக்கட்டும்போது அதற்குள் பதிந்த எண்ணை அழித்துவிட்டு, நோட்டிலும் அந்த வரியை அடித்துவிட்டு, அதே எண்ணைப் புதிதாக வருவதற்குக் கொடுப்பார்.

அந்த மருத்துவமனையில் அண்ணிக்கு வருடா வருடம் ஒப்பந்தம். நான்கு முறை கையெழுத்தாகியிருந்தது. ஐந்தாவது முறை கையெழுத்தானால் அடுத்து நிரந்தரம். நான்காம் வருடத்தின் கடைசி மாதத்தில்தான் மூன்றாம் மாடிப் பிரச்சினை வந்தது.

மூன்றாம் மாடி வார்டில் செவிலியர் மேஜையில் ஒரு பிரிண்டர் இருந்தது. தரைத்தள ஆய்வகத்தில் ரத்தப் பரிசோதனை முடிந்ததும் அங்கிருந்தபடியே முடிவை அனுப்புவார்கள். தாள் மேலே இந்தப் பிரிண்டரில் வந்து விழும். திடீரென்று தினமும் காலை பத்து மணிக்கு மேல் விழவில்லை. பதினொன்றுக்குப் பிறகு அனுப்பியவை ஒழுங்காக விழுந்தன. பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில் அனுப்பியவை மட்டும் பதினொன்றே கால் வாக்கில் மேஜைத் தட்டில் இருக்கும். யார் கொண்டுவந்து வைத்தார்கள் என்று வார்டில் யாரும் கேட்கவில்லை. ஆய்வகத்து ஆள் கையோடு கொண்டுவந்திருப்பார் என்று நினைத்தார்கள். ஆய்வகத்தில் கேட்டால், "எங்க திரையில போயிடுச்சுன்னு காட்டுது" என்றார்கள். வார்டு மருத்துவர் பத்து நாளில் ஒன்பது புகார் எழுதினார். ஒரு நாள் அவருக்கு விடுப்பு.

நிர்வாகி அண்ணியைக் கூப்பிட்டார். அவர் அறையில் கழுத்தில் டை கட்டிய ஒருவர் உட்கார்ந்திருந்தார். நெட்வொர்க் கருவிகள் விற்கும் ஒரு நிறுவனத்திலிருந்து வந்தவர். எல்லா மாடியிலும் இருக்கும் ஸ்விட்ச்களை, அதாவது கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் தட்டைப் பெட்டிகளை, மொத்தமாக மாற்றிவிடலாம் என்றார். பிறகு எல்லாவற்றையும் அவர்கள் அலுவலகத்திலிருந்தே பார்த்துக்கொள்வார்களாம்.

"இங்க தனியா ஆளே வேண்டாம் சார்," என்றார், அண்ணி பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே.

நிர்வாகி அண்ணியைப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை காலையில ரெண்டு பேரும் வாங்க. என்ன காரணம்னு எழுதிக் கொண்டு வாங்க. அதைப் பாத்துட்டு உங்க புதுப்பிப்பைப் பத்தி முடிவு பண்றேன்."

அன்று திங்கட்கிழமை.

அண்ணி வார்டுப் பிரிண்டரின் கேபிளை மாற்றினார். கழற்றிய கேபிளை டெஸ்டரில் போட்டுப் பார்த்தார். எட்டுக் கம்பிக்கு எட்டு விளக்கும் எரிந்தன. நல்ல கேபிளை மாற்றியிருக்கிறோம் என்று பழையதையே திரும்பப் போட்டார். ஸ்விட்சில் வேறு துளைக்கு மாற்றினார். அணைத்துப் போட்டார். செவ்வாய்க்கிழமை பத்து இருபதுக்கு வார்டுக்குப் போய்ப் பிங் அடித்தார். நான்குக்கு நான்கு. ஒரு குறையும் இல்லை. வார்டுக் கணினியிலிருந்து ஒரு சோதனைத் தாள் அனுப்பினார். அனுப்பியாயிற்று என்று திரை சொன்னது. பிரிண்டர் அசையவில்லை.

அண்ணி அதன் முன்னாலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பதினொன்று அடித்தது. கீழே ஒரு கணினி நின்றுபோனதாகக் கூப்பிட்டார்கள். போனார், லூசாக இருந்ததைச் செருகிவிட்டு வந்தார். அதற்குள் தட்டில் நாலைந்து தாள்கள் இருந்தன. அவற்றில் ஒன்று அவருடைய சோதனைத் தாள். நான்காக மடித்திருந்தது.

பிரிண்டர் தாளை மடிக்காது. நான்கு வருட அனுபவத்தில் அண்ணிக்கு இது உறுதியாகத் தெரியும்.

அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் விரித்து வைத்தார். புதன்கிழமையும் அது அங்கேயே இருந்தது. அம்மா அதன் மேல் கரண்டியை வைக்கப் போய், "என்னம்மா இது, முக்கியமா?" என்றார்.

"தெரியலை அத்தை."

புதன்கிழமை மாலை அண்ணி சமையலறையிலிருந்து அண்ணனைக் கூப்பிட்டார். "என்னங்க." கூடத்திலிருந்து "ம்" என்று வந்தது. "என்னங்க." "ம்." மூன்றாவதுக்கும் வந்தது, நான்காவதுக்கும் வந்தது. அண்ணி அடுப்பை அணைத்தார். கல்யாணமான ஆறு வருடத்தில் அண்ணன் நான்குக்கு நான்கு பதில் சொன்னதில்லை.

கூடத்துக்கு வந்து பார்த்தால் அண்ணன் இல்லை. அம்மா மட்டும் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"அவர் எங்க அத்தை?"

"குளிக்கப் போயி கால் மணி நேரம் ஆச்சு."

"அப்ப யாரு ம் சொன்னது?"

"நான்தான். நீ பாட்டுக்குக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கே. சீரியல்ல ஒரு வார்த்தை காதுல விழலை. யாராவது ஒருத்தர் பதில் சொன்னா சரின்னு சொல்லிட்டேன்."

"ம்" என்பதில் ஆண் குரல், பெண் குரல் என்று பெரிய வித்தியாசம் கிடையாது. அண்ணி சிறிது நேரம் அம்மாவைப் பார்த்துக்கொண்டே நின்றார். கோபமாக்கும் என்று நினைத்து அம்மா ஒலியைக் குறைத்தார்.

"ரொம்ப தேங்க்ஸ் அத்தை," என்று சொல்லிவிட்டு அண்ணி உள்ளே போனார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்னடி, குத்திக் காட்டுறாளா?"

மறுநாள் நடந்ததை நான் நேரில் பார்த்தேன். அதே மருத்துவமனையில், அதே மூன்றாம் மாடியில், பதிவேட்டு அறையில் தட்டச்சு செய்வது என் வேலை. பத்து ஐந்துக்கு அண்ணி வார்டுக்கு வந்தார். பிரிண்டரின் பின்னாலிருந்து கேபிளைப் பிடுங்கி இடது கையில் வைத்துக்கொண்டார். வலது கையால் மடிக்கணினியில் பிங் அடித்தார். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. நான்குக்கும் பதில் வந்தது.

வார்டுச் செவிலியர் எட்டிப் பார்த்தார். "என்னக்கா, ரிப்பேரா?"

"இல்லம்மா. இதுக்கு உயிர் இல்லை. ஆனா பதில் சொல்லுது."

"இது ஆஸ்பத்திரி அக்கா. அப்படியெல்லாம் சொல்லாதீங்க."

அதே கதவு எண்ணோடு இன்னொரு வீடு எங்கோ இருக்கிறது. கடிதம் அங்கே போகிறது. அதுதான் விஷயம். எந்த வீடு என்று கண்டுபிடிப்பது அண்ணிக்குப் பெரிய வேலையில்லை. நாம் கொடுக்கும் எண்ணைத் தவிர ஒவ்வொரு கருவிக்கும் தொழிற்சாலையிலேயே பதித்த எண் ஒன்று உண்டு. அந்த எண் எந்தத் துளையிலிருந்து பேசுகிறது என்று ஸ்விட்சைக் கேட்டால் சொல்லிவிடும். பதினேழாம் துளை என்று சொன்னது. ஸ்விட்சில் ஒட்டிய சீட்டில் பதினேழாம் துளைக்கு எதிரே அண்ணியின் கையெழுத்தில் எழுதியிருந்தது: துணி அறை, காலி.

துணி அறை நடைக்கோடியில் இருந்தது. துவைத்த படுக்கை விரிப்புகளுக்கு நடுவே தலைமைச் செவிலியர் உட்கார்ந்திருந்தார். மருத்துவமனை முழுக்க அவரைப் பெரிய சிஸ்டர் என்றுதான் சொல்வார்கள். பெரிய மருத்துவர்களே அவரிடம் அனுமதி கேட்டுத்தான் ஓய்வறைக்குப் போவார்கள் என்று பேச்சு. அவருக்குப் பக்கத்தில், பாதி விலக்கிய தலையணை உறைக்குள்ளிருந்து ஒரு பிரிண்டர் தாள் துப்பிக்கொண்டிருந்தது.

அண்ணிக்கு அதைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. "இது அஞ்சு மாசம் முன்னாடி கழிச்சுக்கட்டினதுல்ல சிஸ்டர்?"

"கழிச்சுக்கட்டினா என்ன? நல்லாத்தானே ஓடுது. என்னையும்தான் ரெண்டு தடவை கழிச்சுக்கட்டப் பாத்தாங்க."

"எப்ப எடுத்துட்டு வந்தீங்க?"

"ரெண்டு வாரம் இருக்கும். பழைய சாமான் அறையில சும்மா கெடந்துச்சு. இங்க சுவத்துல ஓட்டை ஒண்ணு சும்மா இருந்துச்சு. அதுல செருகினேன். என் கம்ப்யூட்டர்ல இது பேரு இன்னும் இருந்துச்சு. அமுக்கினேன், வந்துடுச்சு."

பத்துக்கு ஏழு பேர் செருகாத கேபிளை அவர் சரியாகச் செருகியிருந்தார்.

"தினம் எப்ப போடுவீங்க?"

"பத்து மணிக்கு ஆன் பண்ணி யாருக்கு எந்த டூட்டின்னு சார்ட் எடுப்பேன். துணிக் கணக்கு எடுப்பேன். பதினொண்ணுக்கு ஆஃப் பண்ணிடுவேன். கரண்டு வீணாகக் கூடாது பாரு."

"வேற தாள் ஏதாவது வருமா சிஸ்டர்?"

"அதை ஏன் கேக்கறே. நான் ஒண்ணு கேட்டா இது அஞ்சாறு குடுக்குது. யார் யாரோட ரிசல்ட்டோ வருது. எக்ஸ்ட்ரா காப்பி போலன்னு நெனச்சேன். பேஷண்ட் பேரு இருக்கற தாளைக் குப்பையில போட முடியுமா? மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டு, ரவுண்ட்ஸ் போறப்ப வார்டுத் தட்டுல போட்டுடுவேன்." கொஞ்சம் யோசித்து, "செவ்வாய்க்கிழமை ஒரு தாள்ல பேரே இல்லை. டெஸ்ட்னு மட்டும் போட்டிருந்துச்சு. யாருக்கு என்ன டெஸ்ட்டுன்னு புரியலை. இருந்தாலும் போட்டுட்டேன்," என்றார்.

"கெடைச்சுது சிஸ்டர்," என்றார் அண்ணி.

பிரிண்டரை அணைத்துவிட்டுத் தன் அறைக்கு வந்து நோட்டைத் திறந்தார். பழைய பிரிண்டரின் வரி அடித்திருந்தது. அதற்குக் கீழேயே அதே எண் மூன்றாம் மாடி வார்டின் புதுப் பிரிண்டருக்கு, பென்சிலில். நோட்டில் எல்லாம் ஒழுங்கு. கழித்துக்கட்டிய பிரிண்டருக்குள் மட்டும் எண்ணை அழிக்க மறந்திருந்தார். தன்னைக் கழித்துக்கட்டியது அதற்குத் தெரியாது. தட்டினால் இன்னமும் அந்த எண்ணுக்கு "இருக்கேன்" என்றது. சுவரில் ஏழாவது விதி அவர் கையெழுத்திலேயே தொங்கியது. கழித்துக்கட்டிய அன்று முதல் மாடியில் ஸ்விட்ச் மேல் தண்ணீர் சொட்டுகிறது என்று யாரோ கூப்பிட்டார்கள், பாதியில் எழுந்து ஓடினேன் என்று பிறகு என்னிடம் சொன்னார். ஒரே ஒரு முறை சொன்னார்.

வியாழக்கிழமை மாலை மேஜையில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அம்மா எதிரே கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். விஷயம் முழுவதும் அவருக்குத் தெரியும். இந்த ஒரு முறை நெட்வொர்க் அவருக்கு நன்றாகவே புரிந்திருந்தது.

"அந்த மெஷினை எடுத்தது பெரிய சிஸ்டர்தானே? அவங்க எடுத்தாங்கன்னு எழுதிட்டுப் போ."

"எடுத்தது தப்புதான் அத்தை. எழுதத்தான் போறேன். ஆனா அழிச்சிருந்தா, அவங்க எடுத்தும் ஒண்ணும் ஆகியிருக்காது."

"நாளைக்கு உன் வேலை இருக்கணுமா வேண்டாமா?"

"இருக்கணும்."

"அப்ப கேபிள் கொஞ்சம் லூசா இருந்துச்சுன்னு எழுதேன். ஊருக்கெல்லாம் அப்படித்தானே சொல்றே?"

அண்ணி பேனாவைக் கீழே வைத்தார். "அது அடுத்தவங்க தப்புக்குச் சொல்றது அத்தை."

அம்மா ஒரு கட்டுக் கீரையை முடித்துவிட்டு அடுத்ததைப் பிரித்தார். "நாலு வருஷம் குனிஞ்சு குனிஞ்சு கூன் விழுந்ததுதான் மிச்சம்," என்று கீரையிடம் சொன்னார். அண்ணன் "ம்" என்றார். யாருக்கு, எதற்கு என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குக் குறிப்பெழுத என்னை உட்கார வைத்தார்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத வேண்டும், மூன்றாம் மாடியில் அதற்கு வேறு ஆளில்லை. டை கட்டியவர் நாற்பது பக்கத்துக்கு வண்ணப் படங்களோடு ஓர் அறிக்கை வைத்தார். அதில் ஸ்விட்ச்களின் வயது இருந்தது, உலகில் நெட்வொர்க் எப்படி வளர்கிறது என்பது இருந்தது. மூன்றாம் மாடி இல்லை. அண்ணி ஒரு தாள் வைத்தார். நிர்வாகி இரண்டையும் கையில் எடை பார்த்துவிட்டுச் சிறியதை முதலில் படித்தார்.

பாதியில் நிமிர்ந்தார். "காரணம்: பழைய பிரிண்டரில் முகவரி அழிக்கப்படவில்லை. அழிக்க வேண்டியது நான். இதை நீங்களேதான் எழுதினீங்களா?"

"ஆமா சார்."

"எழுதாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

அண்ணி யோசித்தார். அவரிடம் எதைக் கேட்டாலும் ஒரு முறை சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் பதில் வரும். "தெரிஞ்சிருக்காது சார்."

நிர்வாகி டை கட்டியவர் பக்கம் திரும்பினார். "உங்க புது ஸ்விட்ச் போட்டிருந்தா இது நடந்திருக்காதா?"

"ஒரே முகவரியில ரெண்டு கருவி இருந்தா எங்க சிஸ்டம் உடனே கண்டுபிடிச்சு எச்சரிக்கை அனுப்பிடும் சார்."

"அனுப்பி?"

"இங்க இருக்கற ஆளு போய்ப் பாப்பாங்க."

"இங்க ஆளு வேண்டாம்னீங்களே."

டை கட்டியவர் தன் அறிக்கையைப் புரட்டினார். நாற்பது பக்கத்தில் துணி அறைக்கு யார் போவார்கள் என்பதற்கு ஒரு படமும் இல்லை. "எங்க ஆளை அனுப்பலாம் சார். ரெண்டு நாள்ல வந்துடுவாங்க," என்றார். கூட்டக் குறிப்பில் இந்த வரியை நான் இரண்டு மொழியிலும் எழுதினேன். இரண்டிலும் ஒரே மாதிரிதான் இருந்தது.

நிர்வாகி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "திங்கட்கிழமை சொல்லி அனுப்பறேன்," என்றார்.

திங்கட்கிழமை அண்ணிக்கு ஓர் உறை வந்தது. உள்ளே இரண்டு கடிதங்கள். முதலாவது, ஏழாவது விதியை மீறியதற்கு ஒரு மெமோ. விதியை யார் போட்டது என்று மெமோவில் இல்லை. இரண்டாவது, ஐந்தாம் வருடப் புதுப்பிப்பு. அதன் கடைசிப் பத்தியில், இனிமேல் பழைய சாமான் அறைக்கும் அண்ணியே பொறுப்பு என்று இருந்தது. சாவியை உறைக்குள்ளேயே போட்டிருந்தார்கள். அண்ணி மெமோவுக்குப் பதிலை அங்கேயே நின்று எழுதிக் கொடுத்தார்: "உண்மைதான். இனி நடக்காது."

துணி அறைப் பிரிண்டரை எடுத்துவிடச் சொல்வார்கள் என்று பெரிய சிஸ்டர் இரண்டு நாள் யாரோடும் பேசாமல் இருந்தார். அண்ணி அதற்கு ஒரு புது எண் கொடுத்து, அவர் கணினியிலும் மாற்றி, நோட்டில் ஒரு வரி எழுதினார். நான்காம் நாள் பெரிய சிஸ்டர் நடைவழியில் அண்ணியை நிறுத்தினார்.

"இப்ப கேட்டது மட்டும்தான் வருது. தட்டுல போட ஒண்ணுமே இல்லை. ரவுண்ட்ஸ் சீக்கிரம் முடிஞ்சுடுது," என்றார், கொஞ்சம் குறையாகவே.

உறை வந்த அன்று மாலை அம்மாதான் முதலில் செய்தியைக் கேட்டார். கேட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனார். "மருமகளுக்கு வேலை நிரந்தரமாகப் போகுது," என்று அவர் சொன்னது இங்கே வரை கேட்டது. பக்கத்து வீட்டுக்காரர் மூட்டு வலி இன்னும் இருப்பதாகச் சொன்னதும் கேட்டது.

அண்ணி சமையலறையிலிருந்து அண்ணனைக் கூப்பிட்டார். "என்னங்க."

"ம்."

"என்னங்க."

"ம்."

மூன்றாவதும் வந்தது. நான்காவதும் வந்தது. அண்ணி அடுப்பைச் சிறியதாக்கி, கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து எட்டிப் பார்த்தார். அண்ணன்தான் இருந்தார். புதுப்பிப்புக் கடிதம் அவர் மடியில் விரிந்திருந்தது. வீட்டில் வேறு யாரும் அருகில் இல்லை; நான் வாசலில் இருந்தேன், அம்மா இன்னும் திரும்பவில்லை.

அண்ணி சமையலறைக்குத் திரும்பிப் போய் இன்னொரு நான்கு அனுப்பினார்.